அலேஷ் ஷ்டேகரை எங்கிருந்து தொடங்குவது?

ஸ்லோவேனியக் கவிதை என்றதும் 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ப்ரெஷெரனில் ஆரம்பிக்கச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். 1973இல் ப்துய் நகரில் பிறந்த அலேஷ் ஷ்டேகரை எடுங்கள். அவரிலும் 1995இல் வந்த முதல் தொகுப்பு பிறகு பார்த்துக்கொள்ளலாம். நேரே 2005இன் ‘பொருட்களின் புத்தகம்’ என்ற கவிதைத் தொகுப்புக்குப் போங்கள். ப்ரையன் ஹென்றியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2010இல் வந்தது.

அதில் முதலில் ‘முட்டை’ என்ற கவிதை. சட்டி விளிம்பில் தட்டி நாம் அதைக் கொல்கிறோமாம், செத்த முட்டைக்குக் கண் முளைக்கிறதாம். நான் இதை அடுப்படியில் நின்றே படிக்கச் சொல்வேன். வாய்விட்டுப் படியுங்கள். ‘இது எதற்குக் குறியீடு?’ என்று மட்டும் கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட வியாதி அது. ‘இங்கே யார் யாரைப் பார்க்கிறார்கள்?’ என்று கேளுங்கள். பொருளை நாம் பார்க்கிறோம் என்று தொடங்கும் கவிதையில், பாதி வழியில் பொருள் நம்மைப் பார்க்கத் தொடங்கிவிடும். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பொருள் போதும். அடுத்தது ‘ரொட்டி’, அப்புறம் ‘குடை’.

1991இல் ஸ்லோவேனியா யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்தபோது அவருக்கு வயது 18. தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொரு கவிதையிலும் அந்தப் பிரிவோடு வந்த போரைத் தேடாதீர்கள். (விமர்சகர்கள் அதை அலுக்காமல் செய்கிறார்கள்.)

கவிதை பிடித்துவிட்டால் ‘பெர்லின்’ என்ற உரைநடை நூலுக்குப் போகலாம். பிடிக்காவிட்டால் ‘முட்டை’யை மட்டும் இன்னொரு முறை படித்துவிட்டுப் புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுங்கள்.