குளிர்விக்கும்போது தாடையைத் தொட்டுப் பாருங்கள்

இதய அறுவை ஐசியுவில் புதிதாகச் சேரும் நர்ஸ் தங்கைகளுக்கு நான் சொல்லித் தருவது இது. பைபாஸ் முடிந்து வந்தவருக்கு இதயம் நின்று, மறுபடி துடிக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. மூளையைக் காப்பாற்ற, உடல் சூட்டைக் குறைத்துக் கட்டுப்படுத்தச் சொல்கிறார் டாக்டர். ஐஸைத் தேடி ஓடாதீர்கள், முதலில் சூட்டை அளக்கும் கம்பியான ப்ரோபைப் பாருங்கள்.

அக்குளில் ஐஸ் பேக்கை வைத்துவிட்டு அங்கேயே சூடு பார்க்கக் கூடாது. சிறுநீர்ப்பை ப்ரோபும் யூரின் குறைந்தால் பின்தங்கும். நான் ஜூனியராக இருந்தபோது அதை நம்பி மோசம் போனேன். அது 34.2 டிகிரி செல்சியஸ் காட்டியது, யூரின் சொட்டுக்கூட இல்லை. உணவுக்குழாய் ப்ரோபைப் போட்டால் 32.1. நாடி 42. அன்றிலிருந்து இரண்டு இடத்தில் பார்க்காமல் நான் குளிர்விக்கும் மெஷினைத் தொடுவதில்லை.

எத்தனை டிகிரி? 2002இல் வந்த ஆஸ்திரேலிய, ஐரோப்பிய ஆய்வுகளுக்குப் பிறகு 32 முதல் 34 வரை என்றார்கள். 2013இல் 33க்கும் 36க்கும் வித்தியாசமில்லை என்று வந்தது. 2021இல், 33க்கு இறக்குவதும் காய்ச்சல் வராமல் பார்ப்பதும் பிழைப்பதில் ஒன்றுதான், குளிர்வித்தவர்களுக்குத் துடிப்புக் கோளாறு கூடுதல் என்றார்கள். இவையெல்லாம் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களை வைத்துச் செய்தவை. நெஞ்செலும்பை அறுத்து மூடியவருக்கு 35க்குக் கீழே போனால் ரத்தம் உறைவதும் மந்தமாகும். அதனால் இலக்கு எண்ணை டாக்டரிடம் சார்ட்டில் எழுதி வாங்குங்கள், நெஞ்சிலிருந்து வரும் டிரெய்ன் குழாயில் வடியும் ரத்தத்தை மணிக்கு மணி அளந்து எழுதுங்கள்.

அப்புறம் நடுக்கம். கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருந்தால் சூடு ஏறியே விடும். தாடைத் தசைமேல் இரண்டு விரலை வையுங்கள். போன் வைப்ரேட்டில் அடிப்பதுபோல் ஒரு மெல்லிய அதிர்வு இருக்கும். இசிஜி கோடும் பிசிறடிக்கும். கையையும் காலையும் மூடிச் சூடாக வையுங்கள். பாராசிட்டமால், மெக்னீசியம், மயக்க மருந்து என்று டாக்டர் படிப்படியாகக் கூட்டுவார். தசையைத் தளர்த்தும் மருந்து கடைசியில்தான், ஏனென்றால் வலிப்பு வந்தாலும் அது மறைத்துவிடும்.

குளிரில் பொட்டாசியம் இறங்கும். பதறிப்போய் நிறைய ஏற்றிவிட்டால், சூடாக்கும்போது அது திரும்பி எகிறும். சூடாக்குவது மணிக்கு கால் டிகிரி, மிஞ்சினால் அரை. 33இலிருந்து 36.5க்கு வர கால் டிகிரி கணக்கில் 14 மணி நேரம், அதாவது ஒரு ட்யூட்டிக்கு மேலே. ரத்தக் குழாய்கள் விரிந்து பிபி விழும், அங்கேயே நில்லுங்கள். அதன் பிறகும் காய்ச்சல் எட்டிப் பார்க்கக் கூடாது.

இன்னொன்று. வீட்டுக்காரர்களை உள்ளே விடும் முன்பே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். ஒரு அம்மா கணவரின் கையைத் தொட்டதும், “ஜில்லுனு இருக்கே, என்கிட்ட மறைக்கிறீங்களா சிஸ்டர்?” என்று அலறினார். மானிட்டரில் ஓடும் துடிப்பைக் காட்டித்தான் அவரை உட்கார வைத்தேன்.