திருநெல்வேலிச் சீமைக்கு ஜியாய்டு மாதிரி கட்டுவது எப்படி

உவரிக் கடற்கரை மணலில் ஜிஎன்எஸ்எஸ் (செயற்கைக்கோள் வழி இடமறியும்) கருவியை வைத்தால், நீள்வட்டக உயரம், அதாவது பூமியைச் சீரான நீள்வட்ட உருவமாகக் கொண்டு அளக்கும் உயரம், மைனஸ் 90 மீட்டருக்கும் கீழே காட்டும். கருவியில் கோளாறு ஏதுமில்லை. இலங்கைக்குத் தெற்கே ஜியாய்டு, அதாவது புவியீர்ப்பு தீர்மானிக்கும் சராசரிக் கடல்மட்டப் பரப்பு, ஏறத்தாழ 106 மீட்டர் பள்ளமாக இறங்குகிறது. நம் சீமை அந்தப் பள்ளத்தின் சரிவில் கிடக்கிறது. கருவி காட்டும் உயரத்தைக் கடல்மட்ட உயரமாக மாற்ற, இந்த இறக்கம் ஊருக்கு ஊர் எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும்.

இந்த இறக்கத்தைப் புவியீர்ப்பிலிருந்து கணக்கிடலாம். அதற்கான புவியீர்ப்பு அளவீடுகளை மாவட்ட எல்லையோடு நிறுத்தாமல், சுற்றிலும் குறைந்தது ஒரு பாகை தள்ளியும் சேகரியுங்கள். மன்னார் வளைகுடாவுக்குச் செயற்கைக்கோள் ஆல்டிமெட்ரி (கடற்பரப்பின் உயரத்தை அளக்கும்) தரவு உதவும். களத்தில் காலையில் பாளையங்கோட்டை அடிநிலையில் எடுத்த அளவை மாலையில் அங்கேயே மீண்டும் எடுத்து, சூரிய சந்திர ஈர்ப்பால் வரும் ஓத விளைவை நீக்கியபின் எஞ்சும் வேறுபாட்டைக் கிராவிமீட்டரின் (ஈர்ப்பை அளக்கும் கருவியின்) நகர்வாக, அதாவது அதன் அளவு மெல்ல விலகுவதாகக் கொண்டு நேர விகிதப்படி பகிர வேண்டும்.

பலரும் சறுக்கும் இடம் உயரம். உயரம் கூடக்கூட ஈர்ப்பு குறைவதை ஈடுசெய்யும் ஃப்ரீ ஏர் திருத்தம் மீட்டருக்கு 0.3086 மில்லிகால் (ஈர்ப்பின் அலகு). கடல்மட்ட உயரத்துக்குப் பதிலாக ஜிஎன்எஸ்எஸ் உயரத்தை அப்படியே போட்டால், இங்கே 27 மில்லிகாலுக்கு மேல் பிழை வரும். எல்லாப் புள்ளிகளும் ஏறக்குறைய ஒன்றாகவே நகர்வதால் வரைபடத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

அடுத்து, ஈர்ப்பு முரண்களிலிருந்து (அளந்த ஈர்ப்புக்கும் எதிர்பார்த்த ஈர்ப்புக்கும் உள்ள வேறுபாடுகள்) ஈஜிஎம்2008 போன்ற உலக ஈர்ப்பு மாதிரியின் பங்கையும், எஸ்ஆர்டிஎம் என்ற விண்வெளி ரேடார் உயரத் தரவிலிருந்து கணக்கிட்ட நிலவடிவத்தின் பங்கையும் கழித்துவிடுங்கள். பாபநாசத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் நிலம் 1,868 மீட்டர் அகத்தியமலையாக எழுந்துவிடுகிறது. அளவீட்டுப் புள்ளிகளோ சாலையை ஒட்டிப் பள்ளத்தாக்குகளிலேயே இருக்கும், புலிகள் காப்பகத்துக்குள் யாரும் அடிக்கடி கிராவிமீட்டரைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. நிலவடிவத்தைக் கழிக்காமல் கட்டம் போட்டால், பள்ளத்தாக்கின் மதிப்பே முகட்டுக்கும் பரவி, மலையே இல்லாதது போன்ற ஜியாய்டு மாதிரி கிடைக்கும்.

எஞ்சிய முரண்களை ஸ்டோக்ஸ் தொகையீட்டில் (ஈர்ப்பு முரண்களை ஜியாய்டு உயரமாக மாற்றும் சூத்திரம்) இட்டு, கழித்த இரண்டு பங்குகளையும் ஜியாய்டு உயரமாக மீண்டும் கூட்டுங்கள். கிராவ்சாஃப்ட் மென்பொருள் தொகுப்பு இதற்குப் போதும். தொகையீட்டு ஆரத்தை (ஒரு புள்ளியைச் சுற்றி எவ்வளவு தூரம் வரை தரவைச் சேர்ப்பது என்பதை) சிலவாறு மாற்றிப் பார்ப்பது நல்லது.

கடைசியில், மட்டாய்வால் கடல்மட்ட உயரம் அறிந்த பெஞ்ச்மார்க்குகளில் (நிலையான குறிக்கற்களில்) ஜிஎன்எஸ்எஸ் வைத்து மாதிரியோடு ஒப்பிட்டு, வேறுபாட்டில் தெரியும் சாய்வை ஒரு தளத்தால் சரிசெய்யுங்கள். சில பெஞ்ச்மார்க்குகளை, குறிப்பாக அம்பாசமுத்திரம் பக்கத்தவற்றை, பொருத்தத்தில் சேர்க்காமல் சோதனைக்கென ஒதுக்கி வையுங்கள்.