மதிய உணவு டப்பா மிச்சமாகி வருகிறதா?

டப்பா பாதி நிறைந்தபடி திரும்பி வந்தால், ‘பிள்ளைக்குக் காய்கறியே இறங்காது’ என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். வீட்டில் அதே காயைச் சாப்பிடும் பிள்ளை பள்ளியில் தொடுவதில்லை என்றால், பெரும்பாலும் ருசி காரணமாக இருக்காது. நேரம் போதாமல் இருக்கலாம், மூடி திறக்க வராமல் இருக்கலாம், சாப்பாடு சொதசொதவென்று ஆகியிருக்கலாம், பக்கத்தில் இருப்பவர்கள் வாசனையைக் கிண்டல் செய்திருக்கலாம். ஒவ்வொன்றையும் சரிசெய்யும் வழி வேறு வேறு.

அதனால் முதல் வாரம் சமையலை மாற்றாமல், திரும்பி வருவதை மட்டும் கவனியுங்கள். மிச்சத்தைக் கொட்டாமல் கொண்டுவரச் சொல்லுங்கள். அதற்காகத் திட்டவே கூடாது. ஒருமுறை திட்டு விழுந்தால் மறுநாள் டப்பா காலியாகத்தான் வரும், சாப்பாடு குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கும். முழுப்பழம் கடிபடாமல் வந்தால் நறுக்கிக் கொடுத்துப் பாருங்கள். ஒரு கடி கடித்து வைத்திருந்தால் ருசியோ பதமோ பிடிக்கவில்லை. எல்லாவற்றிலும் பாதி மிஞ்சினால் அளவு அதிகம், இல்லையென்றால் நேரம் குறைவு. சின்ன டப்பா திறக்கப்படாமலே வந்தால் மூடியைச் சோதியுங்கள்.

நேரத்தையும் மூடியையும் விடுமுறை நாளில் வீட்டிலேயே சோதித்துவிடலாம். பள்ளிக்குக் கொண்டுபோகும் அதே டப்பாவில் சாப்பாட்டை வைத்து, உதவாமல் 15 நிமிடம் பாருங்கள். கை கழுவி, இடம் பிடித்து, பேசி முடித்தபின் அரை மணி நேர இடைவேளையில் கையில் மிஞ்சுவது ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்குள் முடியாததை அளவில் குறையுங்கள், அல்லது ஒரே வாயில் போடும் துண்டுகளாக்குங்கள். ரப்பர் வளையம் போட்ட இறுக்கமான மூடி சிறுபிள்ளைகளின் விரலுக்கு அடங்காது.

பதம் கெடுவதற்குப் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். சூடாக அடைத்து உடனே மூடினால் ஆவி மூடியில் நீராகி உணவின் மேலேயே சொட்டும். பத்து நிமிடம் ஆவி போகவிட்டு மூடுங்கள். கழுவிய காய், பழங்களைத் துணியால் ஒற்றி எடுங்கள். தக்காளி, வெள்ளரி போல நீர் விடுபவற்றை ரொட்டிக்குள் வைக்காமல் தனியாகக் கொடுங்கள். நறுக்கிய ஆப்பிள் கறுக்காமலிருக்க, ஒரு கப் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்து, அதில் துண்டுகளை ஐந்து நிமிடம் ஊறவைத்து, நல்ல நீரில் அலசிவிடுங்கள். கறுத்த பழம் கெட்டதல்ல, ஆனாலும் பிள்ளைகள் அதைத் தொடமாட்டார்கள்.

சூடாகவே இருக்க வேண்டிய உணவுக்கு முறை நேர் எதிர். பிளாஸ்கில் கொதிநீர் ஊற்றி ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் உணவை நிரப்பி உடனே மூடுங்கள். தயிர், முட்டை, இறைச்சி, நறுக்கிய பழம் ஆகியவை குளிர்ச்சியில்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். உறையவைத்த ஐஸ் பேக் ஒன்றை டப்பாவோடு ஒட்டி வையுங்கள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முழுக் கொட்டைப் பருப்புகள் வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள், பச்சைக் கேரட்டைத் துருவிக் கொடுங்கள். தொண்டையில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

காய், பழம் எவ்வளவு? உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 2–5 வயதுக்கு 250 கிராம், 6–9 வயதுக்கு 350 கிராம், 10 வயதிலிருந்து 400 கிராம் என்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு பள்ளி டப்பாவில் போனால் போதும். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு சிறிய கேரட்டும் அரை ஆப்பிளும் கணக்குக்குச் சரி. குடிக்கத் தண்ணீர் மட்டும் கொடுங்கள். பழச்சாறு வயிற்றை நிரப்பிச் சாப்பாட்டைக் கெடுத்துவிடும்.

புதிய உணவை முதன்முதலாகப் பள்ளியில் அறிமுகப்படுத்தாதீர்கள். சத்தமும் அவசரமும் உள்ள இடத்தில் பழகியதைத்தான் பிள்ளை தேடும். வீட்டில் ஒரு மேசைக்கரண்டி அளவு, பிடித்த இரண்டு உணவுகளோடு வையுங்கள். பல பிள்ளைகளுக்குப் பிடித்துப்போக 10 முதல் 15 முறை ருசி பார்க்க வேண்டியிருக்கும். மூன்றாவது முறையிலேயே கைவிடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. ‘இதைச் சாப்பிட்டால் சாக்லேட்’ என்ற பேரமும் வேண்டாம், அது சாக்லேட்டின் மதிப்பைத்தான் ஏற்றும். ‘கேரட்டா, வெள்ளரியா?’ என்று முந்தின இரவே கேட்டு, நறுக்கி அடுக்கும் வேலையில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியரிடம் இரண்டு விஷயம் கேட்கலாம். முதலாவது, விளையாட்டை முதலில் வைத்து அதன்பின் சாப்பாடு வைக்க முடியுமா என்பது. சாப்பிட்டால்தான் விளையாட்டு என்றால் பிள்ளைகள் பாதியில் எழுந்து ஓடுவார்கள். இரண்டாவது, யார் டப்பாவில் என்ன இருக்கிறது என்று எல்லார் முன்னாலும் பேசாமலிருப்பது. பாராட்டாக இருந்தாலும் கூச்சமுள்ள பிள்ளை மறுநாள் டப்பாவைத் திறக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் சாப்பிடும் உணவு வகைகள் குறைந்துகொண்டே போனாலோ, எடை குறைந்தாலோ, விழுங்கும்போது அடிக்கடி குமட்டினாலோ குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.