ரேக்னராக் ஆன்லைன்: கார்டைக் கடைசியில் பொருத்துங்கள்

ரேக்னராக் ஆன்லைன் என்ற இணைய விளையாட்டில் கொல்லனிடம் கொடுத்துக் கவசத்தை +4 வரை மெருகேற்றுவதில், அதாவது படிப்படியாக வலுவாக்குவதில், ஆபத்தே இல்லை. ஆயுதங்களுக்கு நிலையைப் பொறுத்து எல்லை மாறும்: முதல் நிலைக்கு +7, நான்காம் நிலைக்கு +4. அதற்கு மேல் கொல்லனின் சுத்தியல் ஒருமுறை தவறினாலும் பொருள் போய்விடும், அதில் பொருத்திய கார்டும் (கூடுதல் திறன் தரும் அட்டை) சேர்ந்தே போகும். பலரும் புலம்புவது கவசத்துக்காக அல்ல, அந்தக் கார்டுக்காகத்தான். எனவே கார்டைக் கடைசியில் பொருத்துங்கள்.

அடுத்தது கணக்கு. பழைய விதிப்படி கவசம் +5 ஆக 60 சதவீதம், +6க்கு 40, +7க்கு மறுபடியும் 40. மூன்றையும் பெருக்கினால் 9.6 சதவீதம். அதாவது பத்தில் ஒன்றுதான் +7ஐத் தொடும். ஒரே கவசத்தை வைத்துக்கொண்டு கடவுளை வேண்டுவதைவிட, ஒரே வகையில் பத்து வாங்கி எல்லாவற்றையும் +4க்குக் கொண்டுவந்து, பிறகு ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். உடைவது அப்போது செலவுக் கணக்காகத் தெரியும், இழவாகத் தெரியாது. +6இல் இரண்டு மூன்று எஞ்சினால் ஒன்றை நிறுத்தி அணிந்துகொள்வது என் வழக்கம். மற்றவை பலியாடுகள்.

இரண்டு முறை உடைந்துவிட்டது, மூன்றாவது நிச்சயம் என்று எண்ணாதீர்கள். ஒவ்வொரு அடியும் புதிய அடி, முந்தைய தோல்வி கொல்லனுக்கு நினைவிருக்காது. எச்டி எலூனியம் (கவசத்தை மெருகேற்றும் சிறப்பு உலோகம்) கிடைக்கும் சர்வர்களில் +7க்கு மேல் அதையே பயன்படுத்துங்கள். தவறினால் ஒரு படி இறங்கும், பொருள் பிழைக்கும்.