பழைய பிக்கப்பின் காபரேட்டர்: நான் விட்ட பிழைகளை நீங்களும் விடாதீர்கள்

போன கிழமை கிளிநொச்சியில் ஒரு கராஜில் இரண்டு பொடியள் பழைய டட்சன் 1200 பிக்கப் ஒன்றின் காபரேட்டரை, அதாவது பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகத்தை, பிரித்துக்கொண்டிருந்தார்கள். மேல்மூடி கழன்றதும் ஒருவன், மூடிக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் மட்டையான பழைய கஸ்கட்டைச் சுரண்டிக் குப்பைக்குள் எறிந்தான். எனக்கு வாயில் வந்த சொல்லை இங்கே எழுத முடியாது. பெற்றோலுக்குப் பக்கத்தில் நெருப்பு வேண்டாம் என்பது போன்றவை உங்களுக்குத் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வண்டியின் பெயரைச் சொல்லி கிட் வாங்குவது

கிட் என்றால் கஸ்கட், ஊசி எல்லாம் சேர்ந்த பழுதுபார்க்கும் பொதி. என் காசு போனது இதில்தான். டட்சன் 1200இன் அதே ஏ12 எஞ்சினுக்கு ஹிட்டாச்சி டிசிஜி306 காபரேட்டரும் வந்தது, டிசிஎச்306உம் வந்தது. போதாக்குறைக்கு இது வன்னி. போரின்போது பொருளாதாரத் தடைக் காலத்தில் எது கிடைத்ததோ அதைப் பூட்டி ஓடினோம், அதுவும் மண்ணெண்ணெயில். பதிவுப் புத்தகத்தில் ஒரு வண்டி, பொனற்றுக்குள் வேறொன்று. காபரேட்டரின் உடம்பில் உள்ள அழுக்கைத் துடைத்து, அதில் இருக்கும் இலக்கத்தைக் கடைசி எழுத்துவரை குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

நான் அப்படிப் போகவில்லை. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு கடைக்காரர் "எல்லாம் ஒண்டுதான் தம்பி" என்றார், நானும் நம்பினேன். விசுவமடுவிலிருந்து மரக்கறி ஏற்றும் பிக்கப் அது. பூட்டினேன், ஸ்டார்ட் ஆனது. இரண்டு நாளில் பிளக் நாலும் கரி, பெற்றோலைக் குடித்துத் தள்ளுகிறது. பெற்றோல் மட்டத்தைக் காக்கும் மிதவையைச் சரிசெய்தேன், அதன் ஊசி மாற்றினேன், பற்றவைப்புப் பொயின்ற்கூட மாற்றினேன். இன்னொரு கிட்டும் வாங்கினேன், அதே கடையில்!

பிழை மேல்மூடிக் கஸ்கட்டில் இருந்தது. எஞ்சினின் உறிஞ்சல் ஒரு சிறு துளை வழியாக மேலே போய்ப் பவர் வால்வின் பிஸ்டனைத் தூக்கிப் பிடிக்கவேண்டும். புதுக் கஸ்கட்டில் அந்தத் துளையே இல்லை. உறிஞ்சல் வராவிட்டால் ஸ்பிரிங் பிஸ்டனைக் கீழே தள்ளிவிடும், வால்வு எந்நேரமும் திறந்தபடி. மேட்டில் சுமையோடு ஏறும்போது மட்டும் கிடைக்கவேண்டிய பெற்றோல், முறிகண்டிப் பிள்ளையாரடியில் வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைக்கும்போதும் ஊற்றிக்கொண்டிருந்தது.

தடைக் காலத்தில் கலண்டர் மட்டையைக் காபரேட்டர் உடம்பின் மேல் வைத்து, சுத்தியலால் ஓரத்தைத் தட்டித் தட்டிக் கஸ்கட் வெட்டுவோம். அந்த மட்டையில் ஒரு துளையும் தப்பாது. கிட்டில் வந்ததைத்தான் பார்க்காமல் பூட்டுகிறோம். பழையதைக் கிழியாமல் எடுத்துப் புதியதன்மேல் வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். அது ஏற்கெனவே கிழிந்திருந்தால், புதியதை முதலில் உடம்பிலும் பிறகு மூடியிலும் வைத்து ஒவ்வொரு துளையாகப் பாருங்கள்.

அந்தப் பொடியள் அப்புறம் குப்பையைக் கிளறினார்கள். பாதிதான் கிடைத்தது.

ஜெட்டுக்குள் கம்பி விடுவது

விடாதீர்கள். ஜெட் என்பது பெற்றோலை அளந்து விடும் சிறு துளையுள்ள பித்தளைத் திருகு, கம்பி துளையை அகலமாக்கிவிடும். 100 என்று குறித்த ஜெட்டின் துளை 1.00 மில்லிமீற்றர், அது 1.10 ஆனால் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். தின்னரில் ஊறப்போட்டுக் காற்றடித்தால் போதும்.

இரண்டு ஜெட்டையும் ஒரே தட்டில் போடுவது

இடம் மாறிப் பூட்டாமல் இருக்க இரண்டு தட்டு எடுங்கள்.

ரப்பரையும் தின்னருக்குள் போடுவது

ஊதிப்போகும்.

மிதவைக் கண்ணாடியைப் பார்க்காமல் விடுவது

ஹிட்டாச்சியில் முன்பக்கம் ஒரு சிறு கண்ணாடி உண்டு, அதில் பெற்றோல் நிற்கவேண்டிய மட்டக் குறியும் உண்டு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போது பாருங்கள். கிரவல் ரோட்டுச் செம்மண் அப்பி அது தெரியாது. முதலில் துணியால் துடையுங்கள்.