காலையில் அடம்பிடித்த டீசல் வேன்

கோயம்புத்தூரிலிருந்து மணாலி வழியாக லடாக்கின் லே வரை போய்வர, படுக்கையும் அடுப்பும் வைத்த பழைய டீசல் வேன் ஒன்றை வாங்கினேன். உள்வேலையெல்லாம் சீக்கிரமே முடிந்தது. ஆனால் இரவு முழுக்க நின்ற வண்டி, காலையில் 20 விநாடி செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். அப்புறம் நாள் முழுக்கப் பிரச்சினையே இல்லை. "டீசல் பம்ப்பைக் கழற்றணும் சார்" என்றார் மெக்கானிக். "கொஞ்சம் பொறுங்கண்ணா" என்றேன்.

டீசல் ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே உள்ளே தெரிகிற டியூப் ஒரு துண்டு மாட்டினேன். டீசலோடு கடுகு கடுகாகக் காற்றுக் குமிழ்கள் ஓடின. டேங்கிலிருந்து உறிஞ்சும் பக்கம் வெடிப்பு இருந்தால், வண்டி ஓடும்போது டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. இரவில் நிற்கும்போது அந்தக் காற்று புகுந்து டீசல் டேங்குக்கே இறங்கிவிடும்; காலையில் அதை மறுபடி இழுக்கத்தான் அவ்வளவு நேரம் செல்ஃப். டேங்க் பக்க ரப்பர் ஹோஸை கிளாம்ப் அருகே வளைத்துப் பார்த்தேன். நகத்தால் கீறியதுபோல் மெல்லிய கோடு!

புது டீசல் ஹோஸ், புது கிளாம்ப், ஃபில்டர் போல்ட்டுக்குப் புது செம்பு வாஷர் போட்டேன். காற்றை வெளியேற்றும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழ் நிற்கும்வரை கைப்பம்ப்பை அழுத்தினேன். மறுநாள் சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

லே பாதையில் தக்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். அந்தக் குளிரில் பேட்டரியும் தளர்ந்துவிடும். அங்கே தினமும் 20 விநாடி செல்ஃப் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. 1 மீட்டர் ஹோஸும் நாலு கிளாம்ப்பும் இப்போதே டூல் பெட்டியில் ஏறிவிட்டன.