காத் மெல்றதை எப்படி குறைக்கிறது

யேமன்ல மதியச் சாப்பாடு முடிஞ்சதும் ஒரு கட்டு காத் இலையோட (மென்னா சுறுசுறுப்பு ஏத்துற ஒரு போதை இலை) உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்க மாட்டாங்க, ஒரு பக்க கன்னம் எலுமிச்சம்பழம் அடக்கி வச்ச மாதிரி உப்பிட்டு இருக்கும். வெத்தலை மாதிரி தானேன்னு நினைக்காதீங்க, இதுல இருக்கிற கேத்தினோன்ங்கிற போதைச் சத்து பிரஷரையும் படபடப்பையும் ஏத்திவிடும், பசி செத்துரும், மலச்சிக்கல் வேற, ராத்திரி கூரையைப் பாத்துட்டே கிடக்கணும்.

விடணும்னா முதல்ல நேரத்தைக் குறைங்க. நாலு மணி நேரம் மெல்றவர் ரெண்டுக்கு வாங்க, அப்புறம் வாரத்துல சில நாள் லீவு. உண்மையான கஷ்டம் இலை இல்லைங்க, அந்த ஜமா தான், கூட்டாளி, பேச்சு, யாவார விஷயம் எல்லாமே அங்கதான் நடக்குது, அதனால அந்த நேரத்துக்கு வேற வேலை வச்சுக்கலேன்னா இலை தானா கைக்கு வந்துரும். சிகரெட்டும் கூடவே வரும், அதையும் பாத்துக்கோங்க.

நிறுத்தினதும் கொஞ்ச நாள் சோர்வு, எரிச்சல், கெட்ட கனவு வரலாம், பயப்படாதீங்க. ஹார்ட் பிரச்சனை இருக்கிறவங்க தொடவே கூடாது, நெஞ்சு வலிச்சா உடனே ஆஸ்பத்திரி. மெல்ற நாள்லயும் இலையை நல்லா கழுவுங்க, பூச்சிமருந்து அடிச்சிருப்பாங்க.